காற்றுக்கோபுரமும் ஓட்டு வீடும்

வீட்டை இடித்துவிடலாம் என்று மகன் சொன்ன வருடத்தில்தான் நாங்கள் முதன்முதலாகத் துபாய்க்குப் போனோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தொலைபேசியில் பேசித் தீராத பேச்சாக அது ஆகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தொடங்கும், எங்களில் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவதில் முடியும். கடைசியில் அவனே, "இங்க வாங்க, பதினைஞ்சு நாள் இருங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று விசாவும் டிக்கெட்டும் அனுப்பிவிட்டான்.

இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்றே வரும். நாற்பத்து மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு வேறு சொல் பழக்கமில்லை. ஆனால் வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த 'நாங்கள்' நடுவில் விரிசல் கண்டிருந்தது. எங்களில் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வீட்டைத் தொடக் கூடாது என்றார். அந்த வீட்டைத் தினமும் பெருக்கி மெழுகியவர் மகன் பக்கம் நின்றார்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருக்கிறது திருப்புலிவனம். வியாக்ரபுரீஸ்வரர் கோயில்தான் ஊரின் அடையாளம். புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. மண்சுவர், மேலே சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. நடையைத் தாண்டினால் நடுவில் முற்றம்; அதைச் சுற்றித் தாழ்வாரம். நான்கு தேக்குத் தூண்கள். கூரையைத் தாங்குபவை பனங்கைகள். சித்திரை வெயிலிலும் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்தால் மதியத் தூக்கம் கெடாது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே உருகிவிடுவார்கள். உருகுவதற்கு முன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நாட்டு ஓட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். குரங்கு ஏறினால் வருடாவருடம். அந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர் மிஞ்சியிருக்கிறார்கள். இருவருக்கும் ஏணியில் ஏறும் வயது கடந்துவிட்டது. ஐப்பசி மழையில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கு மனப்பாடம். கழிப்பறை தோட்டத்துக் கடைசியில். இரவு மழையில் முக்காடு போட்டுக்கொண்டு அங்கே போய்வந்தவருக்கு முற்றத்தின் அழகைப் பற்றி யாரும் பாடம் நடத்த முடியாது.

*

மகன் 2007இல் துபாய் போனான். ஏ.சி. மெக்கானிக். இப்போது பதினெட்டு வருடங்கள் முடிந்துவிட்டன. தேராவில் ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கிறான். அவர்கள் பேச்சில் அதற்கு 'பெட் ஸ்பேஸ்' என்று பெயர். வாடகை அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. எங்களுக்காகப் பக்கத்திலேயே பதினைந்து நாட்களுக்குத் தனி அறை ஒன்றை எடுத்திருந்தான். முதல் நான்கு நாட்களும் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தோம். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீபாவைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மால்களில் நடந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் நீந்தும் சுறாவைப் பார்த்தோம். எல்லாம் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கும் உட்கார்ந்து மூச்சு விடத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள், "பழசுன்னு எதுவும் இல்லியாப்பா இந்த ஊர்ல?" என்று கேட்டோம்.

"இருக்கும்மா. அல் ஃபாஹிதின்னு ஒரு இடம். பஸ்தகியான்னும் சொல்லுவாங்க. ஒரு தடவ ஏ.சி. சர்வீஸுக்குப் போயிருக்கேன். சுத்திப் பார்த்ததில்ல."

தேரா கரையில் படகுத்துறை. அப்ரா என்ற மரப்படகு. ஆளுக்கு ஒரு திர்ஹாம். நடுவில் முதுகோடு முதுகாக உட்காரும் பலகை. சுற்றிலும் தடுப்பு கிடையாது. கடல் நிலத்துக்குள் நுழைந்து வளைந்து கிடக்கும் கழிதான் அந்த நகரத்தின் தொடக்கம். கட்டுமரம் கூடப் பார்த்துப் பழகாத உள்நாட்டுக்காரர்கள் நாங்கள். ஏரிதான் எங்களுக்கு நீர். இருந்தாலும் அந்த ஐந்து நிமிடப் பயணத்தில், துபாய் வந்த பிறகு முதன்முறையாக எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. எதிர்க்கரை பர்துபாய். துணிக்கடைத் தெருவின் மரக்கூரைக்கு அடியில் நடந்து, 1787இல் கட்டப்பட்ட அல் ஃபாஹிதி கோட்டையைக் கடந்தோம். 1971இல் அதை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் சாலையைத் தாண்டினால் நகரத்தின் ஓசை சட்டென்று நின்றுவிடுகிறது.

சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் மணல் நிறச் சுவர்கள். தெருப்பக்கம் சன்னல் குறைவு. சந்து நேராகப் போவதில்லை. வளைந்து வளைந்து போகிறது. பத்து மணி வெயிலிலும் தரை முழுக்க நிழல். எங்களில் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே குளிர்ச்சியா இருக்கு" என்றார். சொன்னவர், வீட்டை இடிக்கலாம் என்பவர். அதை நாங்கள் இருவருமே கவனித்தோம்; பேசவில்லை.

*

அந்தக் குடியிருப்பின் கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர், வெளிநாட்டு வணிகர்களுக்கு வரி இல்லை என்று அறிவித்தார். எதிர்க்கரையில், பாரசீகத்தின் லிங்கே துறைமுகத்திலோ அந்தச் சமயத்தில் சுங்கவரி ஏறிக்கொண்டிருந்தது. தென் ஈரானின் பஸ்தக் முதலிய ஊர்களின் வணிகர்கள் முத்தும் துணியும் விற்றுக்கொண்டு இக்கரைக்கு வந்தார்கள். கழியின் ஓரத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சொந்த ஊர்ப் பெயரையே தெருவுக்கு வைத்தார்கள். அதுதான் பஸ்தகியா.

முத்து என்றதும் நமக்கு மன்னார் வளைகுடா நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்புக்கு வளைகுடா அரபிகளும் வந்து மூழ்கியிருக்கிறார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டுவது அந்தக் காலத்தில் இரண்டு திசையிலும் நடந்திருக்கிறது. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து வளைகுடா முத்துத் தொழிலை முடித்து வைத்தன. 1966 வரை அங்கே புழங்கியது இந்தியாவின் ரூபாய்தான் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்டுக் கொடுத்தது. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோதுதான் அவர்கள் அதைக் கைவிட்டார்கள். அதே வருடம் துபாய் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் திசை மாறிவிட்டது.

வந்த வணிகர்கள் தங்கள் ஊர்க் கட்டடக் கலையையும் கொண்டுவந்தார்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கல்லை அடுக்கி, மேலே சாந்து பூசிச் சுவர் எழுப்பினார்கள். பவளக் கல் நுரை போலத் துளைகள் நிறைந்தது. வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கலங்களில் வந்த கண்டல் மரக் கழிகள். அந்தக் கழியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதனால் அறைகள் எல்லாம் ஒடுக்கமாக, நீளவாட்டில் இருக்கின்றன. எங்கள் ஊரிலும் பனங்கை எட்டும் தூரத்துக்குத்தான் அறை. நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வெளியாள் உட்கார முன்பக்கம் தனி அறை. அவர்கள் மொழியில் மஜ்லிஸ். எங்கள் ஊரில் அந்த வேலையைத் திண்ணை செய்கிறது, கதவும் கூரையும் வேண்டாமல்.

நம்மிடம் இல்லாத ஒன்று கோபுரம். கூரைக்கு மேலே சதுரமாக எழும்பி நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. அரபியில் பர்ஜீல் என்கிறார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர். எப்படி வேலை செய்கிறது என்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து மகன் சொன்னான்:

"இது டக்ட்டுப்பா. வேற ஒண்ணுமில்ல. காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதோ அந்த அறை சப்ளை. எதிர்ப்பக்கம் ரிட்டர்ன். உள்ள இருக்குற சூட்டை அது இழுத்து வெளிய விட்டுடும். நாலு பக்கமும் இருக்குறதால எங்கேருந்து காத்து வந்தாலும் பிரச்சினையில்ல. மோட்டாரு மட்டுந்தான் இல்ல."

பிறகு எங்கள் இருவரையும் பிடித்து நகர்த்திக் கோபுரத்துக்கு நேர் கீழே நிறுத்தினான். தலையில் காற்று இறங்கியது. விசிறியின் காற்று போல வீசவில்லை. மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவது போல மெதுவாக இறங்கியது. அவன் முகத்தில், தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில் தெரிந்தவனின் வேலையைப் பார்க்கும்போது வரும் மரியாதை தெரிந்தது. பதினெட்டு வருடமாக அவன் என்ன வேலை செய்கிறான் என்பதை அன்றுதான் நாங்கள் ஓரளவு புரிந்துகொண்டோம் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் பாராட்டத் தொடங்கியதும் அவனே நிறுத்தினான். "ஜனவரியில வந்து நின்னுட்டு இதைச் சொல்றது சுலபம்பா. ஆகஸ்டுல வந்து நில்லுங்க. நாப்பத்தஞ்சு டிகிரி. அதோட புழுக்கம். அப்ப மேலருந்து இறங்குறதும் அனல்தான்."

அது உண்மைதான். அந்தக் காலத்திலேயே வசதியுள்ள குடும்பங்கள் கோடையில் இந்த வீடுகளைப் பூட்டிவிட்டுக் கடலோரத்துக்கோ பேரீச்சந்தோப்புகளுக்கோ போய் ஓலைக் குடிசைகளில் இருந்திருக்கின்றன.

*

சந்தின் மூலையில், நடுமுற்றத்தில் மரம் நிற்கும் ஒரு பழைய வீடு இப்போது உணவகம். தேநீருக்கு உட்கார்ந்தோம். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தேநீர் போதும் என்றோம். மகன் மூன்று சொன்னான். அங்கே உட்கார்ந்துதான் அந்த இடத்தின் மிச்சக் கதையையும் பேசினோம்.

எண்ணெய்ப் பணம் வந்தது. மின்சாரம் வந்தது. குளிர்சாதனம் வந்தது. 1970களில் பஸ்தகியாவின் குடும்பங்கள் ஊருக்கு வெளியே புது வீடுகள் கட்டிக்கொண்டு போனார்கள். யாரும் விரட்டவில்லை. வசதி கிடைத்தது, போனார்கள். காலியான வீடுகள் கிடங்குகளாயின. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் இடமாயின. 1980களில் அரசு அலுவலக வளாகத்துக்காகக் குடியிருப்பில் ஏறக்குறையப் பாதி இடிக்கப்பட்டது. மீதிப் பாதியும் போக வேண்டியதுதான். அங்கே ஒரு காற்றுக்கோபுர வீட்டைப் புதுப்பித்துக் குடியிருந்த ரெய்னர் ஆட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், 1989இல் துபாய்க்கு வரவிருந்த இளவரசர் சார்லஸுக்குக் கடிதம் எழுதினார். இளவரசர் வந்து சந்துகளில் நடந்து பார்த்தார். இதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னார். இடிப்பது நின்றது. பிறகு நகராட்சி ஒவ்வொரு வீடாகப் புதுப்பித்தது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன. 2012இல் அல் ஃபாஹிதி வரலாற்றுக் குடியிருப்பு என்று பெயரும் மாறியது. பஸ்தக் என்ற ஊர்ப் பெயர் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதைக் கேட்டதும் எங்களில் ஆசிரியராக இருந்தவர் வெற்றி பெற்றவர் போல நிமிர்ந்தார். "பார்த்தியா, ஒரே ஒரு ஆள் கடுதாசி போட்டதுல நின்னிருக்கு."

"கடுதாசி போட்டது வீட்டுக்காரன் இல்லியே" என்றார் மற்றவர். "வீட்டுக்காரங்க புது வீட்டுக்குப் போயிட்டாங்களே."

இந்தப் பதிலுக்கு அன்று மேசையில் யாரிடமும் மறுமொழி இல்லை. ஆட்டர் செய்தது பெரிய காரியம், அதில் ஐயமில்லை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் நின்ற நிழல் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. பழைய வீடு அழகானது என்று சொல்கிறவர் யார், அதன் ஒழுகலைப் பிடிக்கப் பாத்திரம் வைக்கிறவர் யார்?

எழுந்து இன்னும் சில வீடுகளுக்குள் போனோம். ஒன்றில் ஓவியக் காட்சி. ஒன்றில் காப்பியின் வரலாறு. ஒன்றில் நாணயங்கள். எல்லாம் நேர்த்தியாக இருந்தன. எங்கும் துணி காயவில்லை. எங்கும் தாளிக்கும் வாசனை இல்லை. எந்த வாசலிலும் கழற்றிப்போட்ட குழந்தைச் செருப்பு இல்லை. மரக்கதவுகளுக்குப் பின்னால் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது. மகன் நின்று காது கொடுத்து, "கம்ப்ரஸர் தட்டுது, சீக்கிரம் பார்க்கணும்" என்றான்.

இன்னொன்றையும் தேடினோம். வணிகர்கள் போனதற்கும் நகராட்சி வந்ததற்கும் இடையில், பத்து இருபது வருடங்கள் இங்கே படுத்துறங்கிய தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி. நாங்கள் படித்த பலகைகளில் அது இல்லை. முத்து வணிகர் இருந்தார், காற்றுக்கோபுரம் இருந்தது, இளவரசர் கூட இருந்தார். கண்டல் கழிக் கூரையின் கீழ் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து, ஊருக்குக் கடிதம் எழுதியவர்கள் இல்லை. அவர்களில் நம் பக்கத்துக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைப்பது மிகையல்ல.

திரும்பும் வழியில் கழிக்கரையை ஒட்டி அல் சீஃப் என்ற பகுதிக்குப் போனோம். அங்கும் மணல் நிறச் சுவர்கள், மரக்கதவுகள், காற்றுக்கோபுரங்கள். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. எவ்வளவு பழையது என்று மகனைக் கேட்டோம். சிரித்தான். 2017இல் திறந்தது அது. காரை பெயர்ந்தது போலவே கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஊர் பழைய வீட்டை இடிக்கிறது. இன்னொரு பக்கம் பழைய வீட்டைப் புதிதாகக் கட்டுகிறது. இரண்டிலும் யாரும் குடியிருக்கவில்லை.

*

அன்றிரவு மகனின் அறைக்குப் போனோம். அதுவரை அவன் எங்களை அழைத்துப் போகவில்லை. இரண்டடுக்குக் கட்டில்கள். அவனுடைய கட்டில் கீழ்த்தட்டு. அனுபவம் கூடியவர்களுக்குக் கீழ்த்தட்டு என்பது அறையின் வழக்கம். கட்டிலைச் சுற்றி ஒரு துணித்திரை. திரைக்குள் ஒரு சின்ன அலமாரி, சாமி படம், பேத்தியின் புகைப்படம், சார்ஜர். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எங்களுக்கு இடம் விட்டார்கள். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஒருவன், "உட்காருங்கம்மா, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றான். நாங்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம். அந்த விளிம்புதான் பதினெட்டு வருடத்தில் எங்கள் மகனுக்கு அந்த நகரத்தில் அமைந்த இடம்.

பஸ்தக்கிலிருந்து வந்தவர்களுக்கு அந்த மண்ணில் இடம் கிடைத்தது, கட்டினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் இன்று அந்த நாட்டின் குடிமக்கள். அடுத்து வந்தவர்களுக்கு விசா. வேலை முடிந்தால் இருப்பும் முடியும். துபாயில் வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். 2002க்குப் பிறகு குறிப்பிட்ட சில பகுதிகளில் வெளிநாட்டவரும் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று வழி செய்தார்கள். அது கட்டில் வாடகை கொடுப்பவர்களுக்கான வழி அல்ல.

படியிறங்கி வரும்போது அவன் சொன்னான். குரல் உயரவில்லை. "நீங்க பழைய வீடு போயிடும்னு பார்க்குறீங்க. எனக்கு அது தாத்தாவோட அப்பா கட்டுனது. நான் கட்டுனதுன்னு எங்க இருக்குப்பா? இங்க பதினெட்டு வருஷத்துல எத்தனை வீட்டைக் குளுகுளுன்னு ஆக்கியிருக்கேன். எதுலயும் என் பேரு இல்ல."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாரிடமாவது பெயரைப் பற்றிப் பேசினால் பேச்சு உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் போய்ச் சேரும். எங்களில் ஆசிரியராக இருந்தவர் எத்தனையோ மாணவர் குழுக்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய் அந்தச் சுவரைக் காட்டியிருக்கிறார். பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, கி.பி. 919, 921. முப்பது குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பெயர் குடத்துக்குள் போவதற்கு நிபந்தனைகள் இருந்தன. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அது ஓர் அந்தணர் ஊரின் சபை. அந்த நிபந்தனைகள் நம்மில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியவை. பாடம் நடத்தும்போது அதையும் சொல்லித்தான் நடத்தினார்.

ஆனால் சொந்த மனையில் வீடு என்ற நிபந்தனையை முப்பது வருடம் அவர் ஒரு தகுதிப் பட்டியலின் வரியாகத்தான் வாசித்திருந்தார். அன்று தேராவின் மாடிப்படியில்தான் அது ஒரு மனிதனின் ஏக்கமாகக் கேட்டது. வீடு இல்லாதவனின் பெயர் குடத்துக்குள் போகாது. ஆயிரத்து நூறு வருடங்களுக்குப் பிறகும், கடல் தாண்டிப் போனவன் முதலில் கேட்பது அந்த ஓலையைத்தான்.

எங்களில் அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. அதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறோம். அந்த வீடு அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் தேக்குத் தூணும் நாட்டு ஓடும் மட்டுமல்ல. வீடு அப்படியே இருந்தால், அவன் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால், போனவன் அதே வாசல் வழியாக அதே பிள்ளையாகத் திரும்பி வருவான் என்ற எண்ணம். இருபத்து மூன்று வயதில் போனவனுக்கு இப்போது நாற்பத்தொன்று. வீட்டைக் காட்சிப்பொருளாக்கிக் காத்திருந்தவர்கள் நாங்களும்தான்.

*

ஊர் திரும்பினோம். பங்குனியில் வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பொறியாளரை வைத்து வரைந்திருந்தான். மூன்று அறைகள், உள்ளேயே கழிப்பறை, கான்கிரீட் கூரை. நடுவில் ஒரு சதுரம் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. அச்சுப்பிழையோ என்று கேட்டோம்.

"முற்றம்பா. எட்டுக்கு எட்டு. மேல கம்பி போட்டுக்கலாம், குரங்கு வராது. சூடு மேல போறதுக்கு வழி வேணும். சும்மா நாலு பக்கமும் அடைச்சுட்டு ஏ.சி. போட்டுக்கிட்டே இருந்தா கரண்டு பில்லுதான் ஏறும்."

இதைக் காற்றுக்கோபுரத்தின் பாடம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவன் அப்படிச் சொல்லவில்லை. தொழிலாளியின் கணக்காகத்தான் சொன்னான். அப்படியே இருக்கட்டும்.

வைகாசியில் ஓடு பிரித்தார்கள். நான்கு நாட்கள் ஆயின. ஏணி ஏற முடியாத அந்த இரண்டு பெரியவர்களும் வந்து திண்ணையில் உட்கார்ந்து, எந்த ஓட்டை எப்படி எடுக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் திண்ணையையும் உடைக்க வேண்டியிருந்ததால் அவர்களை எழுந்திருக்கச் சொல்ல நேர்ந்தது. அதற்கு முன்பே எங்களில் ஒருவர் அளவுநாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு அளவையும் குறித்து வைத்திருந்தார். இன்னொருவர் மழைக்குப் பாத்திரம் வைத்த இடங்களைச் சொல்லச் சொல்ல, அவற்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தார். பதினொரு புள்ளிகள். வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

தேக்குத் தூண்கள் நான்கும் மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டுப் படுத்திருக்கின்றன. புது முற்றத்தின் நான்கு மூலைகளுக்கு அவை. எடை தாங்க வேண்டிய வேலை இனி அவற்றுக்கு இல்லை, சும்மா நிற்கலாம்.

மனையை மகன் பெயருக்கு மாற்றி எழுதினோம். போன மாதம் ஊராட்சியில் வீட்டு வரி கட்டப் போனபோது ரசீது அவன் பெயரில் வந்தது. படம் எடுத்து அனுப்பச் சொன்னான். எழுத்து மங்கலாக இருக்கிறது, வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை எடுங்கள் என்றான். கோயில் மதில் ஓரமாக வெயிலில் வைத்து எடுத்து அனுப்பினோம்.